ஆடு ஏன் மேயவில்லை? முகவர் சார்ந்த உருவகப்படுத்தலில் பொருளாக்கப் பிழைகளை அறிகுறி வழியே கண்டறிதல்

சம்பளக் கணக்குப் போடும் நிரலில் ஒரு பிழை இருந்தால், மாத முடிவில் யாராவது ஒருவர் தொகை குறைகிறதே என்று கேட்டு வந்துவிடுவார். ஆடு, ஓநாய் போன்ற தனித்தனி முகவர்கள் தத்தம் விதிப்படி நடந்துகொள்வதைக் கணினியில் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் முகவர் சார்ந்த உருவகப்படுத்தலில் அப்படிக் கேட்டு வர எவரும் இல்லை. ஆடுகளின் எண்ணிக்கை சரிந்தால் அது ஓநாய்களின் வேலை என்று நாமே விளக்கம் சொல்லிக்கொள்கிறோம். பிறந்த குட்டிகள் தவறான வகுப்பில் பிறந்து, மேயத் தெரியாமல் பட்டினியால் செத்தன என்பது வரைபடத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. ஒரு பொருள் எப்படி உருவாக்கப்படுகிறது, எந்த வகுப்பிடமிருந்து எதைப் பெறுகிறது என்ற இடத்தில் நேரும் பிழைகளில் பல நிரலை நிறுத்துவதில்லை. ஆய்வு முடிவைப் போன்ற தோற்றத்துடன் வெளியே வருகின்றன. அதனால்தான் இந்த வழிமுறையை இலக்கணப் பாடமாக எழுதாமல், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகும் வகையில் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, ஓநாய், ஆடு, புல் மூன்றும் வாழும் மாதிரியையே முழுவதும் பயன்படுத்துகிறேன். ஊரி விலென்ஸ்கி 1997-இல் உருவாக்கி, பின்னர் நெட்லோகோ என்ற உருவகப்படுத்தல் கருவிக்கு மாற்றப்பட்ட இந்த மாதிரி, பல கருவிகளில் பயிற்சி மாதிரியாக இடம்பெற்றிருப்பதால் பலருக்கும் பழக்கமானது. இங்கே பேசுவது பைத்தான் மொழியின் மேசா நூலகத்தில் எழுதப்பட்ட வடிவத்தைப் பற்றி. ஜாவாவில் எழுதுவோருக்கு வேறுபடும் இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளில் பெயரிட அனுமதிப்பதால் நம் வகுப்புகளுக்கு விலங்கு, ஆடு, ஓநாய் என்றே பெயர் வைத்துக்கொள்வோம். நூலகத்தின் சொற்களை மட்டும் ஒலிப்பின்படி எழுதுகிறேன். அமைப்பு எளிது: மேசாவின் ஏஜென்ட் வகுப்பிலிருந்து விலங்கு மரபுரிமை பெறுகிறது, விலங்கிலிருந்து ஆடும் ஓநாயும் பெறுகின்றன. விலங்கின் ஸ்டெப் செயற்கூறு ஒவ்வொரு படியிலும் நடக்கச் செய்து, ஆற்றலில் 1 கழித்து, செல்ஃப்.உண்() என்று அழைக்கிறது. ஆற்றல் சுழியத்துக்குக் கீழே போனால் விலங்கு இறக்கிறது. இல்லையெனில் ஒரு சிறு வாய்ப்பளவின்படி குட்டி போடுகிறது. உண் என்பது தாய் வகுப்பான விலங்கில் வெறுமையாக இருக்கிறது. ஆடும் ஓநாயும் தத்தம் வகுப்பில் அதை எழுதிக்கொள்கின்றன.

எந்த அறிகுறியானாலும், தேடலைத் தொடங்கும் முன் மாதிரியைச் சிறிதாக்குங்கள். 5 ஆடுகள், 1 ஓநாய், 10 படிகள், நிலையான விதை எண் (தற்செயல் எண்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே வரிசையில் வரச் செய்வது). நூற்றுக்கணக்கான முகவர்களுக்கிடையே மறைந்துகொள்ளும் பிழை, ஐந்து ஆடுகளுக்கிடையே மறைந்துகொள்ள இடமில்லை.

நிரல் முதல் முகவரை உருவாக்கும்போதே நின்றுவிடுகிறது. செய்தி அளபுருக்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறது

இணையத்தில் கிடைத்த பழைய எடுத்துக்காட்டைப் புதிய நூலகத்தில் ஓட்டும்போது வரும் பிழை இது. மேசாவின் பழைய பதிப்புகளில் முகவரை உருவாக்க ஓர் அடையாள எண்ணையும் மாதிரியையும் அளபுருக்களாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அடையாள எண்ணை நூலகமே 1, 2, 3 என்று வழங்குகிறது. மாதிரியை மட்டும் கொடுத்தால் போதும். பழைய முறையில் இரண்டையும் அனுப்பினால், மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் எண் போய் உட்காருகிறது, மாதிரி மிகுந்துவிடுகிறது. மிகுந்து நிற்கும் அளபுரு பைத்தானின் அடிப்படை ஆப்ஜெக்ட் வகுப்பு வரை தள்ளப்பட்டு, ‘ஆப்ஜெக்ட் ஒரே ஓர் அளபுருவைத்தான் ஏற்கும்’ என்ற பொருளில் செய்தி வருகிறது. உங்கள் வகுப்பின் பெயரே அந்தச் செய்தியில் இல்லாததால் பலர் வேறெங்கோ தேடுகிறார்கள். பொருளைத் தொடக்கி வைக்கும் இனிட் செயற்கூறில், தாய் வகுப்பின் இனிட்டை அழைக்கும் சூப்பர்().இனிட் வரியிலிருந்து அடையாள எண்ணை நீக்குங்கள்; மாதிரியின் உள்ளே அந்த எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும் வரிகளையும் நீக்குங்கள். இந்தப் பிழை நிரலை உடனே நிறுத்திவிடுவதால் தீங்கு குறைவு.

‘ஆடு பொருளுக்கு மாடல் என்ற பண்பு இல்லை’ என்று செய்தி வருகிறது

நேற்று வரை ஓடிய நிரலில் இன்று இது வந்தால், பெரும்பாலும் நீங்கள் ஆடு வகுப்பில் புதிதாக ஓர் இனிட் எழுதியிருப்பீர்கள். சேய் வகுப்பில் இனிட் இல்லாத வரை தாயின் இனிட் தானாகவே பயன்படுகிறது. சேய் தன்னுடையதை எழுதிய கணத்திலிருந்து தாயுடையது அழைக்கப்படுவதில்லை, சூப்பர்().இனிட்(மாடல்) என்று நாம்தான் அழைக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் மாதிரியைச் சுட்டும் மாடல் என்ற பண்பும் அடையாள எண்ணும் பொருளுக்குக் கிடைப்பதில்லை.

வரி இருந்தும் இதே செய்தி வந்தால் அது தாமதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்க ஆற்றலைத் தற்செயலாக அமைப்பதற்காக செல்ஃப்.ராண்டம் என்று முதல் வரியில் எழுதி, அதற்குக் கீழே சூப்பரை அழைத்திருந்தால், ராண்டம் என்பது உண்மையில் மாதிரியிடம் இருக்கும் தற்செயல் எண்ணாக்கியைத்தான் தேடிப் போகிறது. மாதிரியோ இன்னும் இணைக்கப்படவில்லை. தாயின் இனிட்டை முதலில் அழைத்துவிட்டு மற்றவற்றை எழுதுவது பாதுகாப்பான பழக்கம்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. வகுப்பு, பொருள், மரபுரிமை என்ற கருத்துகளே உருவகப்படுத்தலுக்காகப் பிறந்தவை. ஓஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில், சேய் வகுப்பின் பொருளை உருவாக்கினால் தாய் வகுப்பின் உடற்பகுதி தானாகவே முதலில் இயங்கும். நிரலாளர் அதை மறக்க வழியே இல்லை. ஜாவாவிலும், தாய்க்கு அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் தொகுப்பியே அதை அழைத்துவிடும். இல்லையென்றால் தொகுக்க மறுக்கும். பைத்தானோ அந்தப் பொறுப்பை நம் கையில் விட்டிருக்கிறது.

இதே பிழைக்கு ஓசையில்லாத ஒரு வடிவமும் உண்டு. ஆடு வகுப்பின் இனிட்டில் ஆற்றல் போன்ற சொந்தப் பண்புகளை மட்டும் அமைத்து, மாதிரியை எங்கும் தொடாமல் விட்டால் செய்தி எதுவும் வராது. 100 ஆடுகளை உருவாக்கும் சுழற்சி தடையின்றி முடியும். ஆனால் முகவர்களை மாதிரியின் பட்டியலில் பதிவு செய்வது ஏஜென்ட் வகுப்பின் இனிட் என்பதால், அந்தப் பட்டியலில் ஓர் ஆடும் இருக்காது. உருவாக்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே முகவர்களின் எண்ணிக்கையை அச்சிட்டு, நீங்கள் கேட்ட எண்ணிக்கையுடன் ஒப்பிடுங்கள். மாதிரி வகுப்பும் தன் இனிட்டில் சூப்பரை அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சரிபாருங்கள்.

பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆனால் எதுவும் நடக்கவுமில்லை

ஆடுகள் திரையில் இருக்கின்றன, படிகளின் எண் ஏறுகிறது, ஆடுகள் அசையவில்லை. மேசாவின் ஏஜென்ட் வகுப்பில் ஸ்டெப் என்ற வெற்றுச் செயற்கூறு ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதற்குக் காரணம். நீங்கள் எழுதியதன் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தாலும், இறுதியில் பன்மை எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும், நூலகம் தாயின் வெற்றுச் செயற்கூறை அழைத்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறது. உள்தள்ளல் ஓர் அடுக்கு மிகுந்து, உங்கள் ஸ்டெப் இனிட்டுக்கு உள்ளேயே அடைபட்டிருந்தாலும் இதே நிலைதான்.

கண்ணால் தேட வேண்டாம், பைத்தானிடமே கேளுங்கள். ஆடு.ஸ்டெப் என்பதன் குவால்நேம் பண்பை அச்சிட்டால், அந்தச் செயற்கூறு எந்த வகுப்பில் எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். நம் அமைப்பில் அங்கே விலங்கு.ஸ்டெப் என்று வர வேண்டும். ஏஜென்ட்.ஸ்டெப் என்று வந்தால் உங்களுடையது சென்றடையவே இல்லை.

இதன் இன்னொரு வகை இன்னும் நுட்பமானது. விலங்குகள் நடக்கின்றன, ஆற்றல் குறைகிறது, ஆனால் ஓர் ஆடும் மேயவில்லை; சில படிகளில் எல்லாம் இறந்துவிடுகின்றன. தாய் உண் என்று அழைக்க, சேய் உண்ணு என்று எழுதியிருக்கிறது. ஸ்டெப் சரியாக இருப்பதால் சந்தேகம் வேறு திசையில் போய், புல் வளரும் வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கத் தோன்றும். இதற்கு நிலையான தீர்வு, தாயின் உண் செயற்கூறை வெறுமையாக விடாமல் ஏபிசி தொகுதியின் ஆப்ஸ்ட்ராக்ட்மெத்தட் குறியுடன் எழுதி, விலங்கை ஏபிசி வகுப்பிலிருந்தும் மரபுரிமை பெறச் செய்வது. அதன்பின் உண் எழுதப்படாத எந்தச் சேய் வகுப்பிலிருந்தும் ஒரு பொருளைக்கூட உருவாக்க முடியாது. முதல் ஆட்டிலேயே நிரல் நின்று காரணம் சொல்லும். ஜாவாவில் ஓவர்ரைடு குறியை ஒவ்வொரு செயற்கூறுக்கும் மேலே இட்டால் பெயர் பிறழ்வைத் தொகுப்பி பிடித்துவிடும். பைத்தான் 3.12-இலும் அதே பெயரில் ஒரு குறி வந்திருக்கிறது. ஆனால் அதை வகைச் சரிபார்ப்புக் கருவிகள்தாம் பொருட்படுத்தும், இயக்க நேரத்தில் அது எதையும் தடுக்காது.

ஆடுகள் குட்டி போடுகின்றன. ஆனால் ஆடுகளின் எண்ணிக்கை ஒருபோதும் ஏறவில்லை

இந்த வகை மாதிரிகளில் நான் மிகவும் அஞ்சும் பிழை இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். குட்டி போடும் செயற்கூறு ஆட்டுக்கும் ஓநாய்க்கும் பொதுவானது என்பதால் அதை விலங்கு வகுப்பில் எழுதுவது இயல்பு. எழுதும்போது கை தானாக விலங்கு(...) என்று புதுப் பொருளை உருவாக்கிவிடுகிறது. நிரல் ஓடுகிறது. ஆனால் பிறந்தது ஆடும் அல்ல, ஓநாயும் அல்ல, வெறும் விலங்கு. அதன் உண் வெறுமையானது. தாய் தன் 8 ஆற்றலில் பாதியைக் குட்டிக்குக் கொடுத்தால், குட்டி 4 ஆற்றலுடன் தொடங்கி, படிக்கு 1 வீதம் இழந்து, ஐந்தாம் படியில் சுழியத்துக்குக் கீழே போய் இறக்கிறது. அதற்குள் சில குட்டிகள் தாமும் குட்டி போடக்கூடும். அவையும் வெறும் விலங்குகளே.

வரைபடத்தில் இது எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஆடு வகுப்பை மட்டும் எண்ணும் கோடு ஏறாமல், ஆடுகள் வேட்டைக்கு இரையாகியும் குட்டிக்கு ஆற்றலை இழந்தும் சாவதால் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆடுகள் தீர்ந்தபின் ஓநாய்களின் கோடும் இறங்கும். இரை அழிந்து வேட்டையாடியும் அழிவது பாடநூலில் உள்ள முடிவு. எனவே அதை நம்புவதற்கு எல்லாக் காரணங்களும் நம்மிடம் இருக்கும். ஓநாயின் இனப்பெருக்க வாய்ப்பைக் குறைத்து, ஆட்டினுடையதைக் கூட்டி, பல நாட்கள் அளபுருக்களோடு மல்லுக்கட்டலாம். கூட்டக் கூட்டத் தாய் ஆடுகளின் ஆற்றல் விரைவாகப் பாதியாகி நிலைமை மோசமடைவதைப் பார்த்து, அதற்கும் ஒரு சூழலியல் விளக்கத்தைத் தேடத் தொடங்குவோம்.

சோதிக்கும் முறை எளிது. ஒவ்வொரு படியின் முடிவிலும் எல்லா முகவர்களுடைய வகுப்புப் பெயர்களின் தொகுப்பை அச்சிடுங்கள். ஆடு, ஓநாய், புல் தவிர நான்காவதாக விலங்கு என்ற பெயர் எட்டிப் பார்த்தால் பிழை பிடிபட்டது. திருத்தமும் எளிது: விலங்கு(...) என்பதற்குப் பதிலாக டைப்(செல்ஃப்)(...) என்று எழுதினால், எந்தப் பொருள் குட்டி போடுகிறதோ அதன் வகுப்பிலேயே குட்டி பிறக்கும். மேலே சொன்ன ஆப்ஸ்ட்ராக்ட்மெத்தட் காவல் ஏற்கெனவே இருந்தால், இந்தப் பிழை முதல் குட்டியிலேயே வெளிப்பட்டிருக்கும்.

ஆனால் திருத்தம் இத்துடன் முடிவதில்லை. பிறகொரு நாள் ஓநாய்க்கு மட்டும் வேட்டைத்தொலைவு என்ற அளபுருவைச் சேர்க்கிறீர்கள். வசதிக்காக அதற்கு 3 என்று இயல்பு மதிப்பும் தருகிறீர்கள். விலங்கு வகுப்பில் உள்ள பொதுச் செயற்கூறுக்கு இந்தப் புதிய அளபுரு தெரியாது. ஆகவே தாய் ஓநாயின் வேட்டைத்தொலைவு 7 ஆக இருந்தாலும் குட்டி 3 உடன் பிறக்கிறது. பரிணாமத்தை ஆராயும் மாதிரியில் இதன் அறிகுறி, எத்தனை தலைமுறை கடந்தாலும் அந்தப் பண்பின் சராசரி இயல்பு மதிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது; தேர்வு அழுத்தம் இல்லை என்று தவறாக முடிவுகட்ட அது இடம் கொடுக்கிறது. மரபாகச் செல்ல வேண்டிய எந்த அளபுருவுக்கும் இயல்பு மதிப்பு தராதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. தரவில்லையென்றால் விடுபட்ட இடத்தில் நிரல் நிற்கும். ஒவ்வொரு சேய் வகுப்பும் ‘குட்டிக்கு உரிய அளபுருக்கள்’ என்று ஒரு சிறு செயற்கூறை எழுதி, தாய் வகுப்பினுடையதைச் சூப்பர் வழியே பெற்று, தன்னுடையதைச் சேர்த்துத் திருப்பித் தரும் அமைப்பு நன்றாக வேலை செய்கிறது.

ஓர் ஆடு கற்றுக்கொண்டதை எல்லா ஆடுகளும் அறிந்திருக்கின்றன

ஆடுகளுக்கு நினைவு என்று ஒரு பட்டியல் கொடுத்து, புல் கிடைத்த இடங்களைச் சேமிக்கச் சொல்கிறீர்கள். இரண்டாம் படியிலேயே எல்லா ஆடுகளும் எல்லா இடங்களையும் அறிந்து, கூட்டு அறிவு கொண்டவை போல நடந்துகொள்கின்றன. நினைவு = [] என்ற வரி இனிட்டுக்கு வெளியே, வகுப்பின் உடலிலேயே இருந்தால், பட்டியல் ஒன்றுதான்; எல்லா ஆடுகளும் அதையே பார்க்கின்றன; அந்த வரி விலங்கு வகுப்பில் இருந்தால், மரபுரிமை வழியே ஓநாய்களும்கூட. இனிட்டின் அளபுருவுக்கு வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாகத் தந்தாலும் அதே விளைவு, ஏனெனில் அந்தப் பட்டியல் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நன் (None) என்பதை இயல்பு மதிப்பாகத் தந்து, உள்ளே புதுப் பட்டியலை உருவாக்குங்கள். தாய் தன் பட்டியலையே குட்டியிடம் கொடுத்தாலும் இருவரும் ஒரே பட்டியலில்தான் எழுதுவார்கள். நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். நெட்லோகோவிலிருந்து வருவோர் இதில் தடுமாறுவது இயல்பே. அங்கே ஹேட்ச் கட்டளை தாயின் மாறிகளைக் குட்டிக்கு அப்படியே கொடுத்தாலும், அங்குள்ள பட்டியல்கள் மாற்ற முடியாதவை என்பதால் இத்தகைய கலப்பு நேராது.

மேசாவின் கிரியேட்_ஏஜென்ட்ஸ் செயற்கூறில் இதற்கு எதிரான சிக்கல் ஒன்றும் உண்டு. நீங்கள் கொடுக்கும் பட்டியலின் நீளம், உருவாக்கப்படும் முகவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், அது உறுப்புக்கு ஒருவராகப் பகிர்ந்தளிக்கிறது. சமமில்லை என்றால் முழுப் பட்டியலையும் எல்லாருக்கும் கொடுக்கிறது. (10, 20) என்ற இருப்பிடத்தைக் கொடுத்து 100 ஆடுகளை உருவாக்கினால் ஒவ்வோர் ஆட்டுக்கும் (10, 20) கிடைக்கும். சோதனைக்காக 2 ஆடுகளை மட்டும் உருவாக்கினால் முதல் ஆட்டுக்கு 10, இரண்டாம் ஆட்டுக்கு 20. மாதிரியைச் சிறிதாக்குங்கள் என்று தொடக்கத்தில் சொன்ன நானே இந்த விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும்.

செத்த ஆடு மீண்டும் வேட்டையாடப்படுகிறது, அல்லது மேய்கிறது

ஓநாய்களின் ஆற்றல் காரணமின்றி ஏறுகிறதா? மேசாவின் பழைய வகைக் கட்டங்களில், ரிமூவ் செயற்கூறு முகவரை மாதிரியின் பட்டியலிலிருந்து நீக்குகிறதே தவிர, கட்டத்திலிருந்து நீக்குவதில்லை. ஆகவே இறந்த ஆடு கட்டத்தில் அப்படியே கிடக்க, அந்த வழியே வரும் ஓநாய்கள் ஒவ்வொன்றும் அதைத் தின்கின்றன. விலங்கு வகுப்பில் ரிமூவை மேலெழுதி, முதலில் கட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, பிறகு சூப்பர்().ரிமூவ்() என்று அழையுங்கள். செல்ஏஜென்ட் வகுப்பிலிருந்து மரபுரிமை பெறுவோருக்கு நூலகமே இரண்டையும் செய்கிறது. ஆனால் அவர்கள் ரிமூவை மேலெழுதி, சூப்பரை அழைக்க மறந்தால் ஆடு சாகவே சாகாது.

செத்த ஆடு அதே படியில் மேய்வது வேறொரு கதை. முகவர்களைக் குலுக்கிய வரிசையில் இயக்கும் ஷஃபிள்_டூ செயற்கூறு, படியின் தொடக்கத்தில் முகவர்களின் வலுவற்ற சுட்டுகளை (பொருளை நினைவகத்தில் பிடித்துவைக்காதவை) குலுக்கி வைத்துக்கொள்கிறது. முறை வரும்போது நினைவகத்தில் உயிருடன் இருக்கும் பொருளை அழைக்கிறது. நீக்கப்பட்ட ஆட்டை வேறு எதுவும் சுட்டவில்லை என்றால் அது மறைந்திருக்கும். நீங்கள் வசதிக்காக ஆடுகளைச் சொந்தப் பட்டியலொன்றிலும் வைத்திருந்தால், அந்தச் சுட்டு ஆட்டை உயிரோடு வைத்திருக்கும். அதற்கும் ஒரு முறை கிடைத்துவிடும். சொந்தப் பட்டியலைக் கைவிடுங்கள். முடியாதென்றால் உயிருடன் இருக்கிறதா என்று குறிக்கும் ஒரு பண்பை வைத்து, ஸ்டெப்பின் முதல் வரியிலேயே சோதியுங்கள்.

மேய்ந்தும் ஆடு பட்டினியால் சாகிறது

மேய்ந்தபின் ஆற்றலை ஆடு வகுப்பிலிருந்து அச்சிட்டால் 12 என்று வருகிறது. ஆனால் அடுத்த படியில் ஆற்றல் தீர்ந்து இறந்தது என்கிறது விலங்கு வகுப்பு. அந்த ஆட்டுக்கு இரண்டு ஆற்றல்கள் இருக்கின்றன. பைத்தானில் இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் பண்பின் பெயரோடு, அது எழுதப்பட்ட வகுப்பின் பெயரும் உள்ளுக்குள் ஒட்டப்படுகிறது. தாயிலும் சேயிலும் அப்படியே எழுதினால் இரண்டும் வெவ்வேறு பண்புகள். ஜாவாவில், தாயிடம் உள்ள ஆற்றல் என்ற புலத்தைச் சேயில் மீண்டும் அறிவித்தால் அதே விளைவு. சேய்கள் தொட வேண்டிய பண்புக்கு ஒற்றை அடிக்கோடு போதும். ஜாவாவில் இரண்டாம் அறிவிப்பை நீக்கிவிடுங்கள்.

ஜாவாவில் எழுதுவோர் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று: தாயின் கன்ஸ்ட்ரக்டர், சேய் மேலெழுதிய செயற்கூறு ஒன்றை அழைத்து, அங்கே வேகத்தை 2.5 என்று அமைக்கிறது. தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சேயின் புலங்களுக்கு எழுதப்பட்ட தொடக்க மதிப்புகள் இடப்படுகின்றன; எனவே ‘வேகம் = 1.0’ என்ற அறிவிப்பு, அமைத்த 2.5-ஐ அழித்துவிடும். கன்ஸ்ட்ரக்டரிலிருந்து மேலெழுதக்கூடிய செயற்கூறை அழைக்காதீர்கள்; பொருள் முழுதாக உருவான பிறகு தனியே அழையுங்கள்.

விலங்குகளின் எண்ணிக்கையைக் கேட்டால் கிடைப்பதில்லை

மேசாவின் ஏஜென்ட்ஸ்_பை_டைப், முகவரின் துல்லியமான வகுப்பைக் கொண்டே பிரிக்கிறது. ஆடும் ஓநாயும் விலங்கு என்ற பெயரின் கீழ் வருவதில்லை. சேய்களையும் சேர்த்து எண்ண வேண்டுமானால் ஏஜென்ட்ஸ்.செலக்ட் செயற்கூறில் ஏஜென்ட்_டைப் அளபுருவாக விலங்கைக் கொடுங்கள். அது மரபுரிமையைக் கணக்கில் எடுக்கும். படி எண் இரண்டிரண்டாக ஏறுகிறதென்றால், மாதிரியில் ஸ்டெப்ஸ் பண்பை நீங்களும் கூட்டுகிறீர்கள், 3.0 முதல் நூலகமே அதைக் கூட்டுவதால் உங்கள் வரியை நீக்குங்கள்.

இரண்டு தாய் வகுப்புகளில் ஒன்றின் இனிட் ஓடவேயில்லை

ஓநாயை விலங்கு, கூட்டமாய்வாழ்வது என்ற இரு வகுப்புகளிலிருந்து மரபுரிமை பெறச் செய்தால், சூப்பர் என்பதன் பொருளைத் திருத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அது தாயைக் குறிப்பதில்லை. அந்தப் பொருளுடைய வகுப்பு வரிசையில் அடுத்திருப்பவரைக் குறிக்கிறது. விலங்கின் இனிட்டில் உள்ள சூப்பர், ஓநாய் உருவாகும்போது, ஏஜென்ட்டுக்குப் பதிலாகக் கூட்டமாய்வாழ்வது வகுப்புக்குப் போகக்கூடும். அந்த வகுப்பு சூப்பரை மேலும் அழைக்கவில்லை என்றால் சங்கிலி அங்கேயே அறுந்து, ஓநாய் பதிவாகாமல் போகிறது. ஓநாய் வகுப்பின் எம்ஆர்ஓ பண்பை அச்சிட்டு வரிசையைப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வகுப்பும் தனக்குத் தெரியாத அளபுருக்களை அடுத்தவருக்குக் கடத்துகிறதா என்று சோதியுங்கள். என்னைக் கேட்டால், கூட்டமாக வாழும் நடத்தையைத் தனிப் பொருளாக எழுதி, ஓநாயின் பண்பாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரே விதை எண். ஒவ்வொரு முறையும் வேறு முடிவு

உங்கள் மாதிரி விதை எண்ணை அளபுருவாக வாங்கிக்கொண்டு, சூப்பர்().இனிட் அழைப்பில் அதைக் கடத்தாமல் விட்டிருக்கலாம். மேசா 3-இல் தற்செயல் எண்ணாக்கியை அமைப்பது தாய் வகுப்பின் இனிட்தான். கடத்தியிருந்தும் முடிவு மாறினால், எங்காவது பைத்தானின் பொது ராண்டம் தொகுதியை நேரடியாக அழைக்கிறீர்களா என்று தேடுங்கள்; முகவர்களை ஒரு செட்டில் இட்டு அதன் மேல் சுழற்சி ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள், ஏனெனில் அந்த வரிசை பொருள்கள் நினைவகத்தில் இருக்கும் முகவரியைப் பொறுத்தது.

பிழையைத் திருத்திய பிறகு, பிழைக்குத் தொடர்பில்லாத முடிவுகளும் மாறிவிட்டன

விலங்கின் இனிட்டில் ஒரே ஒரு தற்செயல் எண்ணைக் கூடுதலாக எடுத்தாலும், அதன்பின் வரும் எல்லா முகவர்களும் எடுக்கும் எண்கள் ஓர் இடம் தள்ளிப்போகின்றன. ஆகவே அதே விதை எண் முற்றிலும் வேறொரு ஓட்டத்தைத் தரும். இதை வைத்துத் திருத்தம் தவறு என்றோ சரி என்றோ சொல்ல முடியாது. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே விதை எண்ணில் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டையும் பல விதை எண்களில் ஓட்டி, ஆடுகளின் இறுதி எண்ணிக்கை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஒப்பிடுங்கள். பிழையால் பாதிக்கப்படாத அளவுகளின் பரவல் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவை மாறியிருந்தால், பழைய நிரலில் எடுத்த வரைபடங்கள் எவையெவை என்று பட்டியலிட்டு, அவை அனைத்தையும் மீண்டும் ஓட்டி எடுங்கள்.